புள்ளி தெரிகிற திரை

ஓலைச்சுவடி எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே சொல்லியிருந்தும், எழுத்தாணியின் வழக்கம் வேறாக இருந்தது. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதும் சுவடியில் தெளிவாக இராது. படிப்பவர்தாம் சொல்லையும் யாப்பையும் பொருளையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செய்த பணியில் இத்தகைய முடிவுகளும் அடக்கம். அச்சு நமக்குத் தந்த கொடைகளுள் இந்தச் சின்னஞ்சிறு புள்ளியும் ஒன்று. அந்தப் புள்ளியை ஒரு கணினித் திரை எங்களிடமிருந்து சில மாதங்கள் பறித்து வைத்திருந்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

2009ஆம் ஆண்டு, நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். ஞாயிறுதோறும் கூடி மெய்ப்புப் பார்ப்போம். எங்களுள் மூத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஐயா என்றே அழைப்போம். சந்திப்பிழையும் அச்சுப்பிழையும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. பழைய குமிழ்த் திரை பழுதாகி, பத்தொன்பது அங்குல எல்சிடி திரை ஒன்று வந்து சேர்ந்த பிறகு, அவருடைய வேகம் குறையத் தொடங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோவார். ஒருநாள் சொல்லிவிட்டார்: "கண் போயிடுச்சுப்பா. அடுத்த மாசத்திலிருந்து என்னை விட்டுடுங்க."

அவர் இல்லாவிட்டால் அந்தப் பணியே நின்றுவிடும். வேறு யாருக்கும் பழைய உரைநடையின் சொல்லாட்சி அவ்வளவு பழக்கமில்லை. வீட்டில் படிக்கட்டும் என்று சில பக்கங்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தோம். மறுவாரம் அத்தனை பிழைகளையும் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொண்டுவந்தார். அதே எழுத்துரு, ஏறத்தாழ அதே அளவு, அதே கண். ஐயம் திரையின் மேல் திரும்பியது.

உற்றுப் பார்த்தபோது எழுத்துகள் சற்றே பருத்துப் பக்கவாட்டில் இழுபட்டிருந்தன. 'மன்னன்' என்ற சொல்லில் புள்ளிகள் இரண்டும் சாம்பல் நிறக் கறையாகி 'மனனன' என்று தெரிந்தது. ணகரத்தின் சுழி எத்தனை என்று எண்ண முடியவில்லை. இகரக் கொக்கிக்கும் ஈகாரச் சுழிக்கும் வேறுபாடு கரைந்திருந்தது. 'மனம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மணம்' என்று தட்டச்சாகியிருந்தால், இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களே என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும். அந்தக் கண்ணுக்கு முன்னால் நாங்கள் வைத்திருந்ததோ இப்படிப்பட்ட திரை.

காரணம் எளிதானது. பழைய குமிழ்த் திரையில் எலக்ட்ரான் கற்றை வரைந்துகொண்டே போகும். பல அளவுகளையும் அது ஓரளவு சமாளிக்கும். எல்சிடி திரை அப்படியன்று. தொழிற்சாலையிலேயே அதன் கட்டங்கள் எண்ணி வைக்கப்பட்டுவிடுகின்றன. எங்கள் திரையில் குறுக்கே 1440, நெடுக்கே 900. ஆக 12,96,000 பிக்சல்கள். அதுவே அதன் இயல்பான ரெசொல்யூஷன். கணினியோ 1024க்கு 768 என்ற அளவில், அதாவது 7,86,432 பிக்சல்களுக்கு மட்டுமே படம் அனுப்பிக்கொண்டிருந்தது. திரை அதை இழுத்து நிரப்பியது. குறுக்கே ஏறத்தாழ 1.4 மடங்கு, நெடுக்கே 1.17 மடங்கு. ஒரு பிக்சலை 1.4 பிக்சலாக எப்படி வரைவது? பக்கத்துக் கட்டத்தில் கொஞ்சம் சாயத்தைப் பூசித்தான். ஆங்கில எழுத்துகள் இந்தப் பூச்சை ஒருவாறு தாங்கிக்கொள்கின்றன. ஓரிரு பிக்சலில் உயிர் வாழும் நம் மெய்ப்புள்ளி தாங்குவதில்லை.

கணினியின் வரைகலை அட்டைக்கு உரிய டிரைவர் நிறுவப்பட்டிருக்கவில்லை. அதை நிறுவினோம். அப்போதும் பட்டியலில் 1440க்கு 900 வரவில்லை. கணினித் தொழில் செய்யும் நண்பர் ஒருவர் கேபிளைக் கழற்றிப் பார்த்தார். ஒவ்வொரு திரையும் தன் அளவுகளைக் கணினியிடம் தானே சொல்லிக்கொள்ளும். இடிஐடி எனப்படும் அந்த அறிமுகக் குறிப்பின் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகள்தாம். பதினைந்து பின் கொண்ட விஜிஏ கேபிளில் 12ஆவது, 15ஆவது பின்கள் வழியாக அது போகிறது. எங்கள் கேபிளில் 12ஆவது பின் இல்லை. திரை சொன்னது கணினிக்கு எட்டவில்லை. எட்டாதபோது கணினி எல்லாத் திரைகளுக்கும் பொருந்தக்கூடிய பழைய அளவுகளை மட்டும் காட்டுகிறது. முழுப் பின்கள் உள்ள கேபிள் ஒன்றை மாட்டியதும் 1440க்கு 900 பட்டியலில் வந்தது. திரையில் இருந்த தானியங்கிச் சரிசெய்யும் பொத்தானையும் ஒருமுறை அழுத்தினோம். புள்ளிகள் திரும்பிவந்தன.

ஐயா பார்த்தார். "தெளிவா இருக்கு. ஆனா எறும்பு மாதிரி ஆயிடுச்சே, பழையபடியே மாத்திடுங்க" என்றார்.

பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் கதை இங்கேதான் முடிந்துவிடுகிறது. எழுத்து பெரிதாக வேண்டும் என்பதற்காக ரெசொல்யூஷனைக் குறைத்துவிடுகிறார்கள். பெரிதாவது எழுத்து மட்டுமன்று, கறையும்தான். நாங்கள் ரெசொல்யூஷனைத் தொடாமல், விண்டோஸ் எக்ஸ்பியில் டிபிஐ அளவை 96இலிருந்து 120 ஆக்கினோம். எழுத்துருவைப் பதினாறு புள்ளி அளவுக்கு உயர்த்தினோம். அதே பெரிய எழுத்து, இப்போது நிறையப் பிக்சல்களால் வரையப்பட்டு நின்றது. ஐயா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அன்று மாலைக்குள் இருபது பக்கம் முடிந்தது. அதன் பின்னும் நான்கு ஆண்டுகள் எங்களோடு மெய்ப்புப் பார்த்தார்.

இன்று 3840க்கு 2160 என்ற அளவுள்ள திரைகள் சாதாரணமாகிவிட்டன. கணினிகள் பெரும்பாலும் தாமாகவே சரியான அளவைத் தேர்ந்துகொள்கின்றன. விண்டோஸ் 11இல் இயல்பான அளவின் அருகே பரிந்துரைக் குறிப்பு இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்க 125, 150 விழுக்காடு என்று தனி அமைப்பும் உண்டு. ஆயினும் பழைய திரைகள் நூலகங்களிலும் பள்ளிகளிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. கணினியோடு இணைத்த தொலைக்காட்சிகளிலும் படம் ஓரம் வெட்டுண்டு சற்றே பெரிதாகி, இதே மங்கல் நேர்வதுண்டு. அங்கே தொலைக்காட்சியின் பட அமைப்பில் ஓவர்ஸ்கேனை நிறுத்த வேண்டும்.

திரையில் படிக்க முடியவில்லை என்று வாசிப்பையே விட்டுவிட்ட முதியவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களில் எத்தனை பேருக்குக் கண்தான் காரணம்? அடுத்த முறை அவர்கள் வீட்டுக்குப் போகும்போது அமைப்பைத் திறந்து அந்த இரண்டு எண்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.