குச்சிக்கிழங்குக்கு ஏது கதிர்?

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தால் பாதிப் பேர் இன்னும் ஊர்த் திருவிழாவில்தான் இருந்தார்கள். விரிவானம்: கு. அழகிரிசாமியின் ‘ஒருவன் இருக்கிறான்’. வாசித்து முடித்துவிட்டுக் கதையைச் சொல்லச் சொன்னேன். எழுந்தவன் “முன்னுரை” என்றுதான் வாயைத் திறந்தான். முன்னுரை, துணைத்தலைப்பு, முடிவுரை என்று மதிப்பெண்ணுக்காகப் பழக்கிய வாய். கதை எப்படி நகர்கிறது என்று யாரும் கேட்டதில்லை, அவர்களும் பார்த்ததில்லை.

“இதுல ஒண்ணுமே நடக்கலீங்கய்யா. பக்கத்து வீட்டுக்கு நோயாளி வர்றாரு, அப்புறம் லெட்டர் வருது, அவ்வளவுதான்” என்றது கடைசி பெஞ்சு. நியாயமான புகார்.

ஜனவரி 20, செவ்வாய்

கரும்பலகையில் முக்கோணம் போட்டேன். ஜெர்மானியர் குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863-இல் நாடகத்துக்குச் சொன்னது: தொடக்கம், ஏறுமுகம், உச்சம், இறங்குமுகம், முடிவு. சிலம்பை இதில் ஏற்றிப் பார்க்கச் சொன்னதும் வகுப்பு இரண்டு கட்சியானது. 30 காதைகளில் கோவலன் வெட்டுப்படுவது பதினாறாவது, கொலைக்களக் காதையில். முக்கோணத்தின் நுனியில் கச்சிதமாக உட்காருகிறது என்றார்கள் பையன்கள். பெண்பிள்ளைகள் விடவில்லை. கண்ணகி அரசவைக்குள் போகிற வழக்குரை காதைதான் உச்சம், அது இருபதாவது. முக்கோணம் கோணலானால் ஆகட்டும் என்றார்கள். மணி அடித்தும் தீரவில்லை. நான் பெண்பிள்ளைகள் பக்கம்.

ஜனவரி 22, வியாழன்

இன்று அடியார்க்கு நல்லார். சிலம்பின் உரையாசிரியர்; பாடத்திட்டத்தில் இல்லாதவர். அரங்கேற்று காதை உரையில் நாடகத்தின் ஐந்து சந்திகளைச் சொல்லுகிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். இலை விட்டு நாற்றாவது பிரதிமுகம். உள்ளே பொதிந்து முற்றி நிற்பது கருப்பம். கதிர் வாங்கி விளைவது விளைவு. அறுத்துப் போரடித்துத் தூற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். உ.வே.சா. 1892-இல் இந்த உரையோடு சிலம்பைப் பதிப்பித்தார். ஃப்ரைடாக் முடிவில் வீழ்ச்சியை வைத்தார்; இவர் சாப்பாட்டை வைத்திருக்கிறார். எனக்கு இது பிடித்திருக்கிறது.

ஒருவன் கை தூக்கினான். அப்பாவுக்கு மரவள்ளிக்கிழங்குக் காடு. “அது நெல்லுக்குச் சரிங்கய்யா. குச்சிக்கிழங்குக்கு விதையும் இல்ல, கதிரும் இல்ல. குச்சியத்தான் நடுவோம். மேல வெறும் தழைதான் தெரியும். புடுங்கினாக்கூட முழுசாத் தெரியாது. சேகோ மில்லுல பாயிண்ட் பார்த்தாத்தான் தெரியும்.”

வகுப்பு சிரித்தது. எனக்குப் பாடம் கிடைத்துவிட்டது. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று தெரிந்த பிறகுதான் கிழங்குக்கு விலை. அழகிரிசாமியின் கதையும் அதே சாதி. யாருக்கும் வேண்டாதவன் என்று கதைசொல்லி நினைத்துவைத்திருக்கும் குப்புசாமிக்குக் காஞ்சிபுரத்திலிருந்து வீரப்பன் அனுப்பிய கடிதமும் கொஞ்சம் பணமும் வந்து சேர்கின்றன. கடிதம் வரும்வரை மேலே தழை மட்டும்தான்: கதைசொல்லியின் எரிச்சல், சின்னச் சின்ன வெறுப்பு. கருப்பம் கதைசொல்லியின் மனசுக்குள், மண்ணுக்கு அடியில் நடக்கிறது.

ஜனவரி 23, வெள்ளி

ஒரு பயிற்சி கொடுத்தேன். வீரப்பனின் கடிதத்தை முதல் பத்தியிலேயே வைத்துவிட்டு மீதிக் கதையை எழுத வேண்டும். நிகழ்ச்சி ஒன்றுகூட மாறக் கூடாது, வரிசை மட்டும் மாறும்.

பலர் சமர்த்தாக எழுதிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசைப் பெண் பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டாள். “எழுத வரலீங்கய்யா. முன்னாடியே லெட்டர் வந்துட்டா குப்புசாமி மேல நமக்கு எரிச்சலே வராது. நாமளும் கதை சொல்ற அந்த ஆளு மாதிரி அவரத் தப்பா நெனச்சாத்தானே கடைசியில சுருக்குன்னு குத்தும்?”

கதைப்பின்னலுக்கு நான் எழுதிவைத்திருந்த நான்கு வரி விளக்கத்தை அழித்துவிட்டு, அவள் சொன்னதையே பலகையில் எழுதிப் போட்டேன். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் திருப்புதல் தேர்வு. அதில் முன்னுரை எழுதியே ஆக வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தேன்.