படைமுகாமும் மணப்பந்தலும்

திருமணத்திற்கு நாள் குறிப்பது எளிய செயலன்று. நம் சேலம், நாமக்கல் சமவெளியில் பங்குப்பணி ஆற்றும் குருக்கள் யாவரும் இதனை நன்கு அறிவர். மண்டபம் கிடைக்க வேண்டும். தாய்மாமன் வர வேண்டும். ஆடியும் மார்கழியும் ஆகாதென்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் திருமணம் வைப்பதை நம் இறைமக்கள் மரபாகவே தவிர்த்து வருகின்றனர். திருச்சபைச் சட்டம் அக்காலங்களில் திருமணத்தை முற்றிலும் விலக்கவில்லை. அவற்றின் தவ உணர்வை மதிக்க வேண்டும் என்பதே வழிபாட்டு நெறி. ஆயினும் மேளமும் விருந்தும் இல்லாத திருமணத்தை எந்த வீடு விரும்பும்?

இவற்றிற்கும் மேலாக நம் மண்ணுக்கே உரிய கணக்குகள் சில உண்டு. நாமக்கல் லாரி ஓட்டுநரின் வீட்டில், வண்டி ஊர் திரும்பும் நாளை அறிந்த பின்னரே மற்றப் பேச்சு. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடு வடமாநிலங்களுக்குச் சென்ற இளைஞன் திரும்பி வரும்வரை பந்தற்கால் காத்திருக்கும். ஆகவே, பிரிந்திருப்போரின் வருகையை எண்ணி நாள் குறிப்பது நமக்குப் புதிதன்று. ஆனால் அண்மையில் இன்னொரு நாட்காட்டியும் நம் மேசைமீது வந்து அமர்ந்தது. அது பிராந்திய இராணுவத்தின் பயிற்சி நாட்காட்டி.

டெரிட்டோரியல் ஆர்மி எனப்படும் இந்தப் படையைப் பற்றி நம்மவர் பலர் அதிகம் அறிந்ததில்லை. கிரிக்கெட் வீரர் தோனி 2019-ஆம் ஆண்டு காஷ்மீரில் இராணுவ உடையில் இரு வாரங்கள் பணியாற்றினாரே, அவருக்கு 2011-இல் மதிப்புறு லெப்டினன்ட் கர்னல் பதவி வழங்கியது இந்தப் படைதான் என்று சொன்னால் இளைஞர்கள் உடனே புரிந்துகொள்கின்றனர். முழுநேரப் படைவீரர்களைக் கொண்டதன்று இது. வேறு தொழிலோ பணியோ உடைய குடிமக்கள், 18 முதல் 42 வயதுக்குள் இதில் சேர்ந்து, ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் பயிற்சி பெற்று, எஞ்சிய காலத்தில் தம் தொழிலைப் பார்க்கின்றனர். நாடு அழைக்கும்போது முழுநேர வீரர்களாகப் பணியாற்றக் கடமைப்பட்டவர்கள் இவர்கள். 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களில் இப்படையினர் பணியாற்றியுள்ளனர். ஜம்மு காஷ்மீரிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் இதன் காலாட்படைப் பிரிவுகள் நெடுங்காலம் காவல் புரிந்து வந்துள்ளன.

இப்படைக்கும் நம் மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட இதனை 1949 அக்டோபர் 9-ஆம் நாள் தொடங்கி வைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி. அவர் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்து, 1917-இல் சேலம் நகரசபைத் தலைவராகி, 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமம் நிறுவியவர். நூற்பும் மதுவிலக்கும் போதித்த அந்தக் காந்தியவாதியின் கையால் ஒரு படை தொடக்கம் பெற்றது என்பதை எண்ணும்தோறும் வியப்பே தோன்றுகிறது. ஏர் பிடிக்கும் கையும் கணக்கு எழுதும் கையும் தேவை நேர்ந்தால் காவலுக்கும் நீள வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை போலும்.

இனி நம் அனுபவத்திற்கு வருவோம். நாமக்கல்லில் லாரிக்கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கராக இருந்த இளைஞர் ஒருவருக்கும், இராசிபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியைக்கும் 2024-ஆம் ஆண்டின் இறுதியில் திருமணம் பேசி முடித்தனர். பெயர்கள் இங்கே வேண்டா. மணமகன் பிராந்திய இராணுவத்தில் நான்கு ஆண்டுகளாக இருந்து வருபவர். தை மாதத்திலேயே திருமணத்தை முடித்துவிட வேண்டும் என்று பெண்ணின் தந்தை விரும்பினார். ஆனால் மணமகனுக்கு ஜனவரியின் பிற்பகுதியிலிருந்து தொடர்ந்து இரண்டு மாதப் பயிற்சி என்று ஆணை வந்தது. முகாம் முடிந்து அவர் திரும்பும்போது தவக்காலம் பாதி கடந்திருக்கும். அவ்வாண்டு மார்ச் 5-ஆம் நாள் திருநீற்றுப் புதன். உயிர்ப்புப் பெருவிழாவோ ஏப்ரல் 20. பெண்ணுக்கு அதுவரை பள்ளித் தேர்வு வேலை. அதன்பின் மூன்று ஞாயிறுகள் கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தபோது மிஞ்சியது மே மாதத்தின் நடுப்பகுதி மட்டுமே. மே 14, புதன்கிழமை என்று முடிவாயிற்று.

பெண்ணின் தந்தைக்கு மனம் ஒப்பவில்லை. “சாமி, முழுப் பட்டாளத்துக்காரன் என்றால் பென்சன் உண்டு, கேன்டீன் உண்டு. முழுக் கணக்கர் என்றால் தினமும் வீடு திரும்புவார். இது இரண்டும் இல்லாத அரைவாசியாக இருக்கிறதே” என்றார். அவரது அச்சம் நியாயமற்றதன்று. மகளை ஒப்படைக்கும் தந்தை, அவளுடைய தனிமையையும் சேர்த்தே கணக்கிடுகிறார். பட்டறை முதலாளி இரண்டு மாதம் கழித்து வேலைக்கு எடுத்துக்கொள்வாரோ மாட்டாரோ என்ற ஐயமும் அவருக்கு இருந்தது. படைப்பணிக்கு அழைக்கப்பட்டவரை அப்பணி முடிந்ததும் மீண்டும் வேலையில் அமர்த்துவது முதலாளியின் கடமை என்று அந்தச் சட்டத்திலேயே விதி இருப்பதையும், பயிற்சி நாள்களுக்கு ஊதியம் உண்டு என்பதையும் மணமகன் பொறுமையோடு எடுத்துக் கூறினார். தந்தை தலையசைத்தார், முகம் மட்டும் தெளியவில்லை.

ஏப்ரல் 27-ஆம் நாள் முதல் ஓலையும், மே 4-ஆம் நாள் இரண்டாம் ஓலையும் வாசிக்கப்பட்டன. ஆனால் முதல் ஓலைக்கு முன்னரே, ஏப்ரல் 22-ஆம் நாள், பகல்காமில் சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்ட செய்தி நாட்டை உலுக்கியிருந்தது. மே 7-ஆம் நாள் விடியலில் எல்லைக்கு அப்பால் இந்தியப் படைகள் தாக்குதல் நடத்தின. பிராந்திய இராணுவத்தின் அதிகாரிகளையும் வீரர்களையும் பணிக்கு அழைக்க இராணுவத் தலைமைத் தளபதிக்கு அதிகாரம் அளிக்கும் அரசாணை மே 9-ஆம் நாள் செய்திகளில் வெளியாயிற்று. மொத்தம் உள்ள 32 காலாட்படைப் பிரிவுகளில் 14 பிரிவுகளை முழுநேரப் பணியில் ஈடுபடுத்தலாம் என்றும், அவ்வாணை 2028 பிப்ரவரி 9 வரை செல்லும் என்றும் அதில் கண்டிருந்தது. எந்தப் பிரிவு என்ற விவரம் வீட்டில் உள்ளோருக்கு எப்படித் தெரியும்? அழைப்பிதழ்கள் கொடுத்தாகிவிட்டன, சேலைகள் வாங்கியாகிவிட்டன, திருமணத்திற்கு ஐந்து நாள்களே இருந்தன.

அன்று மாலை இரு குடும்பத்தாரும் பங்கு இல்லத்திற்கு வந்தனர். உலகெங்கும் உள்ள கத்தோலிக்கர் முந்திய நாள்தான் புதிய திருத்தந்தை பதினான்காம் லியோவை வரவேற்று, அவர் கூறிய அமைதி வாழ்த்தைக் கேட்டிருந்தனர். நம் அறையிலோ அமைதி இல்லை. மணமகன் கைப்பேசியை மேசைமீது வைத்துவிட்டு அதனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாய் செபமாலையைக் கையில் சுற்றியிருந்தார். பெண்ணின் தந்தை எங்கோ கேள்விப்பட்ட ஒரு வழியைக் கேட்டார்: “அழைப்பு வந்துவிட்டால் அவர் தம்பியை நிறுத்தியாவது குறித்த நாளில் தாலி கட்டிவிட முடியுமா, சாமி?”

அன்பர்களே, அவர் கேட்டது வெறும் கற்பனையன்று. திருச்சபைச் சட்டத்தின் 1104, 1105 ஆகிய விதிகள் பதிலாள் வழியாகத் திருமண ஒப்புதல் அளிப்பதை ஏற்கின்றன. இன்னாரோடு திருமணம் என்று குறிப்பிட்ட தனி ஆணை வேண்டும். அதில் ஆணை தருபவர் கையொப்பமிட வேண்டும். பங்குக்குருவோ ஆயரோ இரு சாட்சிகளோ உடன் கையொப்பமிட வேண்டும். மறைமாவட்டத் தலைமையின் அனுமதியும் தேவை. திருமணம் நிகழும் முன் ஆணை தந்தவர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், அச்செய்தி எவருக்கும் தெரியாவிட்டாலும் அந்தத் திருமணம் செல்லாது. திருமணத்தை ஆக்குவது சடங்கன்று, இருவர் மனத்தின் ஒப்புதலே என்ற உண்மையை இந்த விதி எவ்வளவு நுட்பமாகக் காக்கிறது! ஆயினும் இது அரிதினும் அரிதான தேவைக்கென வைத்த வழி; மண்டப வாடகையைக் காப்பதற்கு வைத்ததன்று. இதனை நாம் விளக்கி முடிக்கும் முன்னரே பெண் பேசினாள்.

“அப்பா, தேதியைத் தள்ளி வைக்கலாம். ஆளை மாற்றி நிறுத்த வேண்டாம். அவர் ஆறு மாதம் கழித்து வந்தாலும் அவரே வந்து நிற்கட்டும்.”

சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் மணமகன் கைப்பேசியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அழைப்பு வந்தால் திருமணம் தள்ளிப்போகும், ஒப்பந்தம் தள்ளிப்போகாது என்று இரு வீட்டாரும் அங்கேயே உடன்பட்டனர். சமையற்காரருக்கும் மண்டபத்தாருக்கும் அந்தப்படியே சொல்லி வைத்தனர். மறுநாள் மே 10, மாலையில் சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. 11-ஆம் நாள் ஞாயிறு திருப்பலியில் மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டபோது, வழக்கமாகப் பாதி கவனத்தோடு கேட்கும் மக்கள் அன்று தலை நிமிர்ந்து கேட்டனர். அழைப்பு வரவில்லை. 14-ஆம் நாள் அவரே வந்து நின்றார்.

வராதிருந்தால்? இந்தக் கேள்வியை நாம் தள்ளிவிடலாகாது. ஏனெனில் வேறு எத்தனையோ வீடுகளில் அந்த வாரம் அழைப்பு வந்தது. விடுப்பில் வந்த முழுநேர வீரர்கள் மணக்கோலம் கலையுமுன் எல்லைக்குத் திரும்பிய செய்திகளை அந்நாள்களில் படித்தோம். உரோமைப் பேரரசு இதற்கு வேறொரு தீர்வு கண்டிருந்தது. அகுஸ்து காலம் முதல் அதன் சாதாரண வீரர்கள் சட்டப்படி மணம் புரிய இயலாது. செப்டிமியுஸ் செவெருஸ் ஏறத்தாழக் கி.பி. 197-இல் அதனைத் தளர்த்தினார். வீரனுக்குக் குடும்பம் தடை என்பதே அவ்வரசின் எண்ணம். விவிலியமோ நேர்மாறான திசையில் செல்கிறது. பெண்ணை நிச்சயித்து இன்னும் மணக்காதவன் போர்முனையிலிருந்து வீடு திரும்பட்டும் என்று இணைச்சட்ட நூலின் 20-ஆம் அதிகாரம் கூறுகிறது. புதிதாக மணந்தவனை ஓராண்டுக் காலம் படைக்கு அனுப்பலாகாது, அவன் வீட்டிலிருந்து மனைவியை மகிழ்விக்க வேண்டும் என்று 24-ஆம் அதிகாரம் விதிக்கிறது. பகைவர் சூழ வாழ்ந்த ஒரு சிறு மக்களினம், தன் வீரர்களுள் ஒரு பகுதியினரை இல்லறத்தின்பொருட்டு விட்டுக்கொடுக்கத் துணிந்தது. காக்கப்பட வேண்டியது எது என்பதை மறந்துவிட்ட காவல் வீண் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

இன்றைய சட்டம் புதுமணத் தம்பதியருக்கு அந்த ஓராண்டைத் தரவில்லை. பிராந்திய இராணுவத்து வீரருக்கு அமைதிக் காலத்தில் பத்து மாதங்கள் கிடைக்கின்றன. எஞ்சிய இரண்டு மாதங்களை யார் ஈடு செய்வது? இங்கேதான் குடும்பங்களுக்கும் பங்குச் சமூகத்திற்கும் கடமை உண்டு. இத்தகைய மணமக்களுக்கு நாம் சொல்லி வருவன சிலவற்றை இங்கே குறிப்பிடுகிறோம். பயிற்சி ஆணை கைக்கு வந்த பின்னரே மண்டபத்திற்கு முன்பணம் கொடுங்கள். நாள் மாறினால் பணம் திரும்புமா என்று முதலிலேயே கேளுங்கள். திருமண முன்தயாரிப்பு வகுப்பை முகாமுக்கு முன்னரே இருவரும் சேர்ந்து முடித்துவிடுங்கள். திருமணம் முடிந்ததும் சான்றிதழின் நகலைப் படைப்பிரிவு அலுவலகத்தில் சேர்த்து, மனைவியின் பெயரை ஆவணங்களில் பதியச் செய்யுங்கள். இதனைச் சோம்பலால் தள்ளிப்போட்ட வீடுகள் பின்னர் அலைந்து திரிகின்றன. வங்கிக் கணக்கை இருவர் பெயரிலும் வையுங்கள். அவர் முகாமில் இருக்கும் நாள்களில் மருமகள் எங்கே தங்குவது என்பதை மாமியார் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடாதீர்கள், அவளையே கேளுங்கள்.

இனி வரும் காலத்தில் இந்தக் கேள்வி மாறியும் வரலாம். பிராந்திய இராணுவத்தில் பெண்களும் சேரலாம் என்று 2018-ஆம் ஆண்டு தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாளை மணமகள் முகாமில் இருக்க, மணமகன் வீட்டார் நாள் எண்ணிக் காத்திருக்கலாம். அப்போதும் மேற்சொன்னவை பொருந்தும். மாமனாரும் மாமியாரும் மட்டும் சிறிது கூடுதலாகப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும்.

குருமடத்தில் இறையியல் பயின்ற காலத்தில், விவிலியத்தின் கிரேக்க மொழியில் காலத்திற்கு இரு சொற்கள் உண்டு என்று கற்றோம். எண்ணிக் கழிக்கும் நாள்களைக் க்ரோனோஸ் என்பர். கனிந்து வரும் வேளையைக் கைரோஸ் என்பர். நாம் மேசைமீது விரித்து வைக்கும் நாட்காட்டிகள் எல்லாம் முதலாவதைச் சேர்ந்தவை. தவக்காலத்தையும் தேர்வுக் காலத்தையும் முகாமையும் மண்டபத்தையும் கூட்டிக் கழித்து அவற்றில் ஒரு நாளைக் கண்டெடுக்கலாம், கண்டெடுக்கவும் வேண்டும். ஆனால் கனிந்த வேளை வேறு. அந்த இருவருக்கும் அது மே 14-ஆம் நாள் காலையில் வரவில்லை என்றே நாம் எண்ணுகிறோம். ஐந்து நாள்களுக்கு முன்னரே, எல்லாம் கைநழுவிப் போகும்போல் தோன்றிய அந்த மாலையில், ஆளை மாற்ற வேண்டாம் என்று அவள் சொல்லியபோதே அது வந்துவிட்டது. கோவிலில் நாம் கேட்ட ஒப்புதல், அதற்குச் சாட்சிகள் முன்னே கிடைத்த முத்திரை.

நாள் தள்ளிப்போய்விட்டதே என்று கலங்கி வரும் பெற்றோரிடம் இப்போது நாம் முதலில் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைகள் இருவரும் காத்திருக்கச் சம்மதித்துவிட்டார்களா? ஆம் என்று பதில் வந்தால், மற்றவற்றை நாட்காட்டி பார்த்துக்கொள்ளும்.