ராணிக்கு ஈரம் ஆகாது!

மதுரையிலிருந்து கல்யாணமாகி நான் கொடைக்கானல் வந்தபோது வீட்டில் இரண்டு குதிரைகள் இருந்தன. ராணி, பாதுஷா. ஏரிப்பக்கம் டூரிஸ்ட்டுகளைச் சவாரி ஏற்றுவதுதான் மாமனாருக்குத் தொழில். அவை நடந்தால்தான் எங்கள் அடுப்பு எரியும்.

கோடை சீசனில் கவலையில்லை. ஐப்பசி, கார்த்திகைதான் பயம். காயப்போட்ட துணி நாலு நாளானாலும் நமுத்தே கிடக்கும். குதிரை ரோமமும் அப்படித்தான். குளிருக்கு அடர்த்தியாக வளர்ந்து, ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு கார்த்திகையில் ராணியின் முதுகைத் தடவிய மாமா, "கையில நெருநெருன்னு தட்டுதும்மா" என்றார். பொருக்கைத் தொட்டதும் ரோமம் பெயின்ட் பிரஷ் மாதிரி கொத்தாகக் கையோடு வந்தது. அடியில் ஈரப்புண். டெர்மடோஃபைலஸ் என்ற பாக்டீரியா என்றார் கால்நடை டாக்டர். மழையில் ஊறி இளகிய தோலில் சுலபமாக இறங்கிவிடுமாம். சேணம் பதிகிற இடத்திலேயே புண். கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை.

மாமா வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார். "ஈரத்து மேல எண்ணெய் தடவினா ஈரம் உள்ளேயே அடைஞ்சுக்கும் பெரியவரே" என்று டாக்டர் தடுத்துவிட்டார். மாமாவுக்கு மகா கோபம். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

குளோர்ஹெக்சிடின் மருந்துத் தண்ணீரில் கழுவி, 10 நிமிடம் ஊறவிட்டு அலசி, சொட்டு ஈரமில்லாமல் துடைப்பது என் வேலை. கையுறை கட்டாயம், மனிதருக்கும் தொற்றும். உதிர்ந்த பொருக்கைக்கூட லாயத்தில் விடக்கூடாது.

அதோடு வீட்டு வழக்கமும் மாறியது. நனைந்த முதுகில் கம்பளி போர்த்துவதில்லை. துண்டாலும் வைக்கோல் கற்றையாலும் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் போர்வை. கால் சேற்றைத் தினமும் ஹோஸ் பைப்பால் அடிப்பதும் நின்றது. குளம்புக்கு மேலே பின்பக்கக் குழிவில் ஈரம் தங்கினால் அங்கேயும் புண் வரும். சேறு காய்ந்ததும் பிரஷ்ஷால் தட்டிவிடுகிறோம். பிரஷ்ஷும் சேணத்துணியும் தனித்தனி: ராணிக்குச் சிவப்பு நூல் கட்டியது, பாதுஷாவுக்கு நீலம். லாயக்கூரைக்குப் புதுத் தார்ப்பாய் வாங்க என் தோட்டை அடகு வைத்தோம். அது ஒன்றுதான் பெரிய செலவு.

கிறிஸ்துமஸுக்கு ராணி தேறவில்லை. பாதுஷா மட்டும் போனான், வருமானம் பாதி. பொங்கலுக்குத்தான் அவள் முதுகில் புது ரோமம் மூடியது.

இப்போதும் மழைநாளில் மாமா கண்ணை மூடிக்கொண்டுதான் முதுகைத் தடவிப் பார்ப்பார். அடர்ந்த ரோமத்துக்குள் பொருக்கு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.