பந்தும் பந்துக்களும்

எனக்குக் கூடைப்பந்துப் பைத்தியம் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் என் நரைமுடியைப் பார்க்கிறார்கள். பிறகு, "உங்களுக்கு எந்த ஊர்?" என்கிறார்கள். "ஓட்டப்பிடாரம்" என்றதும் சிரிப்பை அடக்கிக் கொள்கிறார்கள்.

நேயர்களே, அந்தச் சிரிப்பிலும் நியாயம் உண்டு. வ.உ.சி. பிறந்த ஊர், பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் என்றெல்லாம் எங்களுக்குப் பெருமை இருக்கிறது. ஆனால் பந்து துள்ளுகிற ஊர் அல்ல. கரிசல் மண் அப்படி. மழை பெய்தால் செருப்போடு காலையும் சேர்த்துப் பிடித்துக் கொள்ளும். கோடையிலோ, கை நுழைகிற அளவுக்கு வெடித்து விடும். பருத்தி விளையும், கம்பு விளையும், உளுந்து விளையும், கூடைப்பந்து விளையாது. பந்தைத் தரையில் தட்டினால் அது திரும்பிக் கைக்கு வர வேண்டும் அல்லவா? எங்கள் மண்ணில் தட்டினால், "போதும் தாயே" என்று அங்கேயே உட்கார்ந்து விடும்!

ஆகவே நான் முதன்முதலில் அந்தப் பந்தைத் தொட்டது பாளையங்கோட்டையில், காலேஜ் சிமெண்டுத் தளத்தில்தான். மூன்று வருஷம் ஆடினேன். பிரமாதமான ஆட்டக்காரி என்று சொல்லிக் கொள்ள மாட்டேன். கைக்கு வந்த பந்தை லேசில் விடாத ஆட்டக்காரி. பரீட்சை முடிந்த மறு மாதமே கலியாணம். "இனி ஆடாதே" என்று யாரும் சொல்லவில்லை. ஆடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கும்தான் தோன்றவில்லை! பந்துக்கள் நிறையப் பேர் வந்து சேர்ந்தார்கள், பந்து போய்விட்டது.

அன்று முதல் நான் வெறும் ரசிகை. மே மாதம் வந்தால் பெரியகுளத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிற போட்டி. மதுரை போய், பஸ் மாறி, இரவு வெளிச்சத்தில் ஆட்டம் பார்த்துவிட்டு வருவேன். அமெரிக்க ஆட்டமும் பார்ப்பதுண்டு. அங்கே ராத்திரி எட்டு மணி என்றால் நமக்கு விடிகாலை ஐந்தரை அல்லது ஆறரை. கோலம் போடுகிற நேரம்! எத்தனையோ நாள் கோலத்தில் ஒரு புள்ளி குறைந்திருக்கிறது.

இத்தனை காலம் பார்த்ததில் எனக்கென்று ஓர் அபிப்பிராயம் இருந்தது. காலேஜ் ஆட்டம்தான் ஆட்டம் என்பது அது. காலேஜ் பிள்ளைகள் ஐப்பசி மழை மாதிரி, இடியும் மின்னலுமாக வருவார்கள். ஜெயித்தால் குதிப்பார்கள், தோற்றால் தரையில் உட்கார்ந்து அழுவார்கள். பாங்கி, ரயில்வே, ராணுவம் என்று சம்பளம் வாங்கி ஆடுகிறவர்களோ கணக்குப்பிள்ளை மாதிரி. பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்பது விதி. அவர்கள் அதில் இருபது விநாடியை நிதானமாகச் செலவழித்து விட்டுத்தான் எறிவார்கள்.

அந்த விதி வந்த கதை வேடிக்கையானது. 1950-ல் அமெரிக்காவில் தொழில்முறைக் கோஷ்டிகள் இரண்டு மோதின. ஒரு கோஷ்டி பந்தை எறியாமல் வைத்துக் கொண்டே பொழுதைப் போக்கியது. கடைசியில் 19-க்கு 18 என்று ஆட்டம் முடிந்தது! ஜனங்கள் கொட்டாவி விடாமல் என்ன செய்வார்கள்? 1954-ல் அங்கே 24 விநாடிக் கடிகாரத்தைக் கொண்டு வந்தார்கள்.

என் அபிப்பிராயம் மாறியது 2017-ல். பெங்களூரில் ஆசியக் கோப்பைப் பெண்கள் போட்டி, இரண்டாம் பிரிவு. இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று நம் பெண்கள் ஜெயித்தார்கள். தலைவி யார் தெரியுமா? நம் தமிழ்நாட்டு அனிதா பால்துரை. பத்தொன்பதாம் வயதில் இந்தியக் கோஷ்டிக்குத் தலைமை ஏற்றவர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அதெல்லாம் பெரிய விஷயம்தான். என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. 2017-ல் அவர் ஒரு குழந்தைக்குத் தாய்!

நான் யோசித்துப் பார்த்தேன். கலியாணத்தோடு என் பந்து போயிற்று. அவர் கையில் மட்டும் எப்படி நின்றது? திறமை, உழைப்பு எல்லாம் உண்டு; மறுக்கவில்லை. கூடவே இன்னொன்றும் இருந்தது. அவர் தெற்கு ரயில்வே உத்தியோகஸ்தர். ஆட்டம் அவருக்குப் பொழுதுபோக்காக இல்லை, வேலையாக இருந்தது. சகோதரிகளே, நம் வீடுகளில் பெண்ணின் பொழுதுபோக்கைத்தான் முதலில் கழிப்பார்கள். மாதச் சம்பளத்தை அவ்வளவு சுலபமாக யாரும் கழிக்க மாட்டார்கள்!

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. 1891-ல் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக் கூடைகளை மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷமே ஸ்மித் கல்லூரிப் பெண்கள் ஆட ஆரம்பித்து விட்டார்கள். ஆனால் பெண்கள் களைத்துப் போவார்களாம். ஆகவே களத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டு, "அவரவர் கோட்டைத் தாண்டக் கூடாது" என்று விதி வைத்தார்கள். அந்தக் கோடுகள் அழிய வெகு காலம் பிடித்தது. 2024-ல் அமெரிக்கக் காலேஜ் பெண்களின் இறுதி ஆட்டத்தை அங்கே 1 கோடியே 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஆண்களின் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. அந்த ஆட்டத்தில் ஆடிய கெய்ட்லின் கிளார்க், உடனே தொழில்முறைக் கோஷ்டியில் முதல் ஆளாகத் தேர்வானார். முதல் வருஷச் சம்பளம் 76,535 டாலர். அதற்கு முந்திய வருஷம் அதேபோல் முதலில் தேர்வான ஆண் பிள்ளைக்கு 1 கோடியே 20 லட்சம் டாலர்! கோடு தரையை விட்டுச் சம்பளப் பட்டியலுக்குப் போய்விட்டது போலிருக்கிறது.

சென்ற வருஷம் என் தங்கை மகளுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஓர் உத்தியோகத் தேர்வு வந்தது. அதே நாளில் கோவில்பட்டியிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் செய்தி. "நீ சொன்னால் கேட்பாள், அக்கா. புத்தி சொல்லு" என்றாள் தங்கை. நான் தங்கைக்குத்தான் புத்தி சொன்னேன். பெண்ணை நானே ரயிலேற்றிச் சென்னைக்கு அழைத்துப் போனேன்.

அவள் தேர்வாகவில்லை. இரண்டே இடம், நாற்பது பெண்கள். கோவில்பட்டிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக் கொண்டார்கள். தங்கை இரண்டு மாதம் என்னுடன் பேசவில்லை. நான் செய்தது சரிதானா என்று ராத்திரிகளில் எனக்கும் சந்தேகம் வந்ததுண்டு.

போன வாரம் அந்தப் பெண் போன் செய்தாள். "பெரியம்மா, அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன். துணைக்கு வருவீங்களா?"

"வராமல் இருப்பேனா, ஏட்டி?" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "இந்தத் தடவை நானும் வர்றேன்னு உன் பெரியம்மாகிட்டே சொல்லு!" தங்கையின் குரல்தான்.