எஃப் போட்ட போல்ட்

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு சேசிஸ் கிடக்கிறது. காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியது. பானெட் இல்லை, எஞ்சின் இல்லை, சக்கரம்கூட இல்லை. இரண்டு நீளச் சட்டம், நாலைந்து குறுக்குச் சட்டம், அவ்வளவுதான். இதை வைத்து ஒரு ரேட் ராட் கட்டலாம் என்று இறங்கினேன்.

ரேட் ராட் என்பது அமெரிக்கக் கிறுக்கு. 1930களில் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில், கையில் காசில்லாத பையன்கள் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டைக் கழற்றி வீசி, கனத்தைக் குறைத்து, எஞ்சினை முறுக்கேற்றி ஓட்டினார்கள். அதுதான் ஹாட் ராட். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அந்தப் பழக்கம் நாடெங்கும் பரவியது; போகப்போகப் பணக்காரர் பொழுதுபோக்காகி, முகம் பார்க்கும் அளவுக்கு பெயின்ட் மின்னியது. அதற்குப் போட்டியாக வந்ததுதான் ரேட் ராட். துரு துருவாகவே இருக்கும், வெல்டிங் தழும்பு தெரியும், எந்த வண்டியின் பாகம் கிடைக்கிறதோ அது ஏறும். செலவு குறைவு என்பதே அதன் பெருமை.

வேலையைத் தொடங்கவிடாமல் என்னை நிறுத்தியவை சட்டத்தில் இருந்த துளைகள். கம்பெனி போட்ட துளை வட்டமாக, வரிசையாக இருக்கும். இதில் அவற்றுக்கு நடுவே கேஸ் கட்டரால் அறுத்த கோணல் ஓட்டைகள், பிறகு யாரோ தகடு வைத்து அடைத்த ஓட்டைகள், பின்பக்கம் மர ஸ்க்ரூவுக்கான சின்னச் சின்னத் துளைகள். யார் போட்டவை? எந்த வண்டி இது?

டேப் வைத்தேன். சக்கரத்துக்குச் சக்கரம் 80 அங்குலம் வருகிற கணக்கு. ஜீப் என்று தெரிந்துவிட்டது. ஆனால் மஹிந்திரா கட்டிய பழைய ஜீப்புக்கும் அதே 80தான், இரண்டாம் உலகப் போர் ஜீப்புக்கும் அதே 80தான். லேத் பட்டறை மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். எழுபது தாண்டியவர். குனிந்து முன் குறுக்குச் சட்டத்தைத் தடவினார். “தம்பி, வில்லிஸ்னா இங்க உருண்டைக் குழாய்ல இருக்கும். இது கவுத்துப் போட்ட தகரப் பெட்டி மாதிரி இருக்கு. இது ஃபோர்டு அடிச்ச ஜீப்பு. டிஸ்போசல்.”

வில்லிஸ் நிறுவனத்தால் தனியாகச் சமாளிக்க முடியாத அளவுக்கு ராணுவம் ஜீப் கேட்டதால், அதே வரைபடத்தை வைத்து ஃபோர்டும் 2,77,000க்கு மேல் செய்து கொடுத்தது. தன் கையால் செய்தது தெரியவேண்டும் என்று ஹென்றி ஃபோர்டின் ஆட்கள் பாகத்துக்குப் பாகம் ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தார்கள், போல்ட் தலை உட்பட. மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். கிரீஸ் அழுக்குக்கு அடியில், ஒரே ஒரு போல்டில், அந்த எழுத்து இருந்தது. மற்றதெல்லாம் நம்மூர் போல்ட்.

போர் முடிந்ததும் ராணுவம் விட்டுப்போன வண்டிகள் ஏலத்துக்கு வந்தன; மேஸ்திரி ‘டிஸ்போசல்’ என்றது அவற்றைத்தான். டெல்லியில் ஹார்லி டேவிட்சன் பைக்குகளுக்குப் பின்னால் பெட்டி கட்டி ‘பட்பட்டி’ ஷேர் வண்டியாக்கினார்கள். புகைத் தொல்லை என்று 1990களின் இறுதியில்தான் அவை தெருவை விட்டுப் போயின. நம் பக்கம் ஜீப்.

அதற்கும் முன்னால் என்ன இருந்தது? புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1910இலிருந்து இருப்பது, வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கல்லும் செம்பும் நிறைய. பட்டறையின் கதையைத்தான் காணோம். பிறகு இதே ஊரில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் சேர்த்த ஞானாலயா நூலகம். புதுக்கோட்டையில் வாழ்ந்துகொண்டு எதைத் தேடினாலும் கடைசியில் அந்த வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அங்கே படித்தது இது: டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கிய திருக்குறுங்குடி சுந்தரம் அய்யங்கார், ரயில்வே வேலை, வங்கி வேலை எல்லாம் பார்த்துவிட்டு, 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டதாக டிவிஎஸ் வரலாறு சொல்கிறது. திருச்சியிலிருந்து ரயில் இங்கே வந்தது 1929இல். அதுவரை புதுக்கோட்டை சமஸ்தானத்து மக்களுக்கு மோட்டார் வண்டி என்றால் பெரும்பாலும் பஸ்தான்.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்த பஸ் செய்யப்பட்ட விதம். கப்பலில் வந்தது சேசிஸும் எஞ்சினும். மேலே இருந்த பாடி உள்ளூர் ஆசாரியின் மரவேலை. மாட்டு வண்டிக்கு நுகமும் பாரும் செதுக்கிய அதே கை. ஆக, அந்நிய இரும்பின் மேல் நம் கட்டையை ஏற்றும் வேலை இந்தப் பக்கம் நூறு வருஷப் பழசு. என் சேசிஸின் மர ஸ்க்ரூ துளைகளும் அதே குடும்பம்: பின்னால் பலகை இருக்கை போட்டு ஆள் ஏற்றிய வண்டி.

ஒட்டுவேலை மரத்தோடு நிற்கவில்லை. போர்க்காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது மதுரையில் டிவிஎஸ் கேஸ் பிளான்ட் செய்து பஸ்ஸின் பின்னால் மாட்டினார்கள். அடுப்புக்கரியை அரைக்காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அதை வடிகட்டி, ஆறவைத்து எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் பாதிக்குச் சற்று மேல் வந்தால் அதிர்ஷ்டம். கரி பஸ் மேடு ஏறாமல் நின்று, இறங்கித் தள்ளிய கதையை அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோவையில் ஜி.டி. நாயுடு வேறு ரகம். இளவயதில் 300 ரூபாய்க்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து மாட்டிக் கற்றவர். 1952இல் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்று இருவர் அமரும் கார் செய்தார். அரசு உரிமம் தரவில்லை.

கேஸ் கட்டர் ஓட்டைக்கு மேஸ்திரியே பதில் சொன்னார். “மெட்டடோர் வேன் டீசல் எஞ்சின் உக்காந்த எடம் இது. பெட்ரோல் வண்டிய யாரு ஓட்டுவா? நானே எத்தன அம்பாசிடருக்கு டீசல் ஏத்திருக்கேன்.” அப்படி ஏற்றிய வண்டிகளை வெளியிலிருந்து பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. பானெட்டை மூடி, பட்டி தேய்த்து, கம்பெனியில் வந்தது போலவே விடுவதுதான் இங்கே கைத்தேர்ச்சி. ஒட்டுப்போட்டது வெளியே தெரிந்தால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று வாங்குவதில் தகராறு, சவாரிக்காரருக்குச் சந்தேகம், மறுவிற்பனையில் நஷ்டம். அமெரிக்கப் பையன் ஒட்டைக் காட்டிப் பெருமைப்படுகிறான். நம் மேஸ்திரி அதை மறைத்துப் பெருமைப்படுகிறார். எனக்கு மேஸ்திரியின் வேலைதான் கடினம் என்று படுகிறது.

சாலைக்கு என் வண்டி வராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து, தயாரித்தவர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. தெருவில் பள்ளிப் பிள்ளைகள் போகிற நேரத்தை நினைத்தால், அதில் எனக்குக் குறையும் இல்லை. காம்பவுண்டுக்குள் ஓடினால் போதும்.

இப்போது சண்டை பெயின்டில் நிற்கிறது. துருவை அப்படியே விட்டு மேலே நிறமில்லாத கிளியர் கோட் அடிக்கலாம் என்றேன். மேஸ்திரி வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். “துரு தெரிய வண்டிய விட்டா, கட்டுனவன் யாருன்னு கேப்பாங்க தம்பி. எம் பேரச் சொல்லாதீங்க.” சட்டத்துக்கு உள்பக்கம் முழுக்க ரெட் ஆக்ஸைடு அவர் இஷ்டம், வெளிப்பக்கம் என் இஷ்டம் என்று பேசி முடித்திருக்கிறோம். அந்த ஒரு போல்டை மட்டும் மாற்றக்கூடாது என்பதில் இருவரும் ஒன்று. அதற்கு ஏற்ற நட் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. லேத்தில் அவரே கடைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.