காய்ச்சலை மறைக்கும் கணக்கு

கோவையிலிருந்து பாலக்காடு போகும் நெடுஞ்சாலையில், தமிழகம் முடிந்து கேரளம் தொடங்கும் இடம் வாளையார். 2020இல், கொரோனா காலத்தில், இந்தச் சோதனைச்சாவடியில் வந்து இறங்கியவர்களிடம் அனுமதிச் சீட்டோடு உடம்புச் சூட்டையும் பார்த்தார்கள். காய்ச்சலுக்கு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை 38 டிகிரி செல்சியஸ். ஃபாரன்ஹீட்டில் 100.4.

தமிழ்க் குடும்பங்களில் இரண்டு அளவும் சர்வசாதாரணம். குழந்தைக்கு நூறு என்றால் அது ஃபாரன்ஹீட். பாலக்காட்டில் நாற்பது என்றால் செல்சியஸ். 2016 ஏப்ரலில் மலம்புழையில் பதிவான 41.9 டிகிரி வெயிலை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 107.4 வரும். காய்ச்சலாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்!

ஒன்றை மற்றொன்றாக மாற்றும் புரோகிராம், கம்ப்யூட்டர் படிக்க வருகிறவர்களின் முதல் பாடங்களில் ஒன்று. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் 1978இல் வெளியிட்ட சி மொழிப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இது இருக்கிறது. 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுத்தால் செல்சியஸ். பள்ளிக்கூடக் கணக்குதான்.

புதியவர் சூத்திரத்தில் உள்ளபடியே முதலில் 5/9 என்று எழுதி, அதைக் கழித்து வந்த எண்ணால் பெருக்குவார். எந்த எண்ணைக் கொடுத்தாலும் விடை 0. சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஈவு மட்டுமே மிஞ்சும், பின்னம் போய்விடும். 5ஐ 9ஆல் வகுத்தால் ஈவு 0. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் கூச்சல் போடும் கம்பைலர், இதற்கு வாயே திறக்காது. அதன் கண்ணில் இது தப்பே இல்லை.

பெருக்கலை முன்னால் வைத்து, வகுத்தலைக் கடைசிக்குத் தள்ளினால் 0 போய்விடும். அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் வரும் முதல் வடிவமும் அப்படித்தான். ஆனால் வாளையாரில் 100.4 டிகிரியோடு ஒருவர் வந்து நிற்கிறார் என்று வையுங்கள். முழு எண்ணாக வாங்கும்போதே .4 உதிர்ந்துவிடும். மீதி 100க்கு வர வேண்டியது 37.8, புரோகிராம் சொல்வது 37. ஆரோக்கியமான உடம்பின் சூடு! 0 என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். 37ஐ யார் சந்தேகிப்பார்கள்?

மாற்று மருந்து சின்னது. முழு எண்களை விட்டுத் தசம எண்களுக்கு மாறி, 5.0, 9.0 என்று எழுத வேண்டும். புத்தகமும் அடுத்த படியில் அதைத்தான் செய்கிறது. 2008இல் வந்த பைத்தான் 3இல் அந்தச் சிரமமும் இல்லை. 5/9 என்றாலே பின்னம் கிடைக்கும்.

சரிபார்ப்பதிலும் ஒரு வம்பு உண்டு. உறைநிலை 32, கொதிநிலை 212, இரண்டு அளவும் ஒன்றாகும் மைனஸ் 40 ஆகியவற்றைத்தான் எல்லோரும் போட்டுப் பார்ப்பார்கள். பின்னத்தைத் தொலைக்கும் அந்தப் புரோகிராம் மூன்றுக்கும் சரியான விடையே சொல்லும், ஏனென்றால் மூன்றிலும் 9 மீதியின்றி வகுபடும். 100.4ஐக் கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.