ஆள் கூடக் கூட வேகம் ஏன் குறைகிறது?

பத்துப் பேர் உள்ள ஐடி கம்பெனியில் ஒரு முடிவு மாறினால், டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஐம்பது பேரானதும் அது நின்றுபோகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்துப் பேர் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 45 வழிகள், ஐம்பது பேருக்கு 1,225. ஆள் ஐந்து மடங்குதான், பேச்சோ இருபத்தேழு மடங்கு! தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று, ஐபிஎம்மில் ஓஎஸ்/360 திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். ஆனாலும் வேலை தேங்கினால் அப்ரைசலில் அடி வாங்குவது ஊழியர்தான். இது அநியாயம்.

அப்ரைசலில் ஊழியர்களுக்குத் தரவரிசை போடாவிட்டால் வேலை செய்யாதவர்கள் ஒளிந்துகொள்வார்களே என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் ஊழியர்களை ஒருவருக்கொருவர் போட்டியாக வரிசைப்படுத்திய மைக்ரோசாஃப்ட்டே 2013 நவம்பரில் அந்த முறையைக் கைவிட்டது. யார் ஒளிகிறார், யார் திணறுகிறார் என்பது பக்கத்தில் இருக்கும் டீம் லீடுக்குத்தான் தெரியும். அவரோ நேற்றுவரை நன்றாகக் கோடிங் செய்தவர். இன்று பன்னிரண்டு பேரைக் கையில் கொடுத்து, பழைய கோடிங் வேலையையும் ராத்திரிக்குள் முடிக்கச் சொல்கிறோம். முதலில் அந்தக் கோடிங் வேலையை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.